திகாம் பத்து வெள்ளை வேன்

மலேசியாவில், கெடா மாநிலத்துத் திகாம் பத்து பட்டணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல வெயில். நான், என் மனைவி அகத்தா, அவள் இடுப்பில் எங்கள் கடைக்குட்டி பிரிஜெட். மகன்கள் இருவரையும் லூனாஸில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஒரு வேன் பார்க்க வந்திருந்தோம். 1983ஆம் வருடம் அது.

அதுவரை எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே மோட்டார் சைக்கிள்தான். மழையில் நனைந்தால் பிரிஜெட்டுக்கு இளைப்பு வந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளை மூச்சுக்குத் திணறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். அடுத்த மழைக்குள் வேன் வாங்கியே தீருவது என்று முடிவு செய்திருந்தேன்.

பேச்சில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று, கோலா கெடாவில் ஜூலியஸ் விற்கும் நீல வேன். மீன் ஏற்றிய வண்டி. எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை. கதவைத் தோளால் இடித்தால்தான் சாத்த முடியும். "மழைன்னா ஸ்டார்ட் ஆகாது லா, எறங்கித் தள்ளணும்" என்று ஜூலியஸே சொல்லிவிட்டார். விற்கத் தெரியாத மனுஷன்.

இன்னொன்று இந்த வெள்ளை வேன்.

ரம்புத்தான் மர நிழலில் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. முன் இருக்கையைத் தூக்கி அடியிலிருந்த எஞ்சினைப் பார்த்தேன். நேற்று வாங்கியது போல இருந்தது. வண்டிக்காரன் மனோகரன் காய்கறி வியாபாரி, இளவட்டம். "தனியாத்தாண்ணே பாசாருக்கு ஓட்டுறேன். இதுவரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் கோப்பி கலக்க வீட்டுக்குள் போனான்.

அகத்தா பிள்ளையோடு பின் இருக்கையில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் அவள் யாருடனோ பேசும் குரல் கேட்டது. எனக்கு அது புதிதல்ல. ஊசி போட வரும் டாக்டரிடமே சொந்த ஊரை விசாரித்துவிடுகிறவள் அவள். நான் டயரைப் பார்க்கக் குனிந்தேன்.

திறந்த கதவு வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. அதில் குழந்தைக்குப் பூசும் பவுடர் வாசமும், ஜுர மருந்தின் கசப்பும் இருந்தன. காய்கறி வண்டியில் இதென்ன வாசம் என்று நினைத்தேன்.

அகத்தா இறங்கினாள். ஓரிடத்தில் உட்காராத பிரிஜெட் அவள் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

"போயிட்டு வர்றோம்க்கா. நீங்களும் ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க. லூனாஸ்ல மாதா கோயிலுக்குப் பின்னாலதான்" என்று வேனுக்குள் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

முன்னால் வைத்திருந்தவர்களைக் கேட்காமல் நான் ஒரு சைக்கிள்கூட வாங்கியதில்லை. அவனுக்கு விற்றது யார் என்று மனோகரனிடமே கேட்டுக்கொண்டு, பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு நடந்தோம். வண்டியை விற்ற முனியாண்டி வீட்டில் இல்லை. அவர் மனைவி மருதம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை வேன் என்றதும் அவர் பார்வை பிரிஜெட்டின் மேல் போனது.

"புள்ளய அந்தக் காடியில ஏத்துனீங்களா?"

"ஏத்துனோம். ஏறினதும் தூங்கிட்டா" என்றேன்.

"எழுப்புங்க. மொதல்ல எழுப்புங்க."

கன்னத்தில் தட்டினோம். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். வெகு நேரம் கழித்துத்தான் கண் திறந்தாள். கைகால்கள் சில்லிட்டிருந்தன. அதன் பிறகே மருதம்மாள் தணிந்த குரலில் சொன்னார்.

வேன் முதலில் சின்னையா என்பவருடையது. அவருடைய கைக்குழந்தைக்கு ஜுரம் முற்றி, சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பின் இருக்கையில் தாயின் மடியிலேயே உயிர் போய்விட்டது. தூங்குகிறது, எழுப்பாதீர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம் அவள். குழந்தையை அவளிடமிருந்து பிடுங்கித்தான் எடுத்தார்களாம். அவளும் அதிக நாள் இருக்கவில்லை.

"தனி ஆளு கண்ணுல படவே மாட்டா. சின்னப் புள்ள ஏறினா மடியில வாங்கிக்குவா. எங்க பையன் அதுல ஏறினா அழவே மாட்டான். நல்ல காடின்னுதான் நாங்களும் நெனச்சோம். ஒரு நாளு, எழுப்ப எழுப்ப எழல. ஏதோ பொழச்சான்." மருதம்மாள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டார். "யாரும் கூப்புடாம வண்டிய விட்டு எறங்க மாட்டா, அது ஒண்ணுதான் நல்லது. அவள யாரு வீட்டுக்குக் கூப்புடப் போறாங்க?"

அகத்தாவின் முகம் வெளுத்தது.

"உள்ள உக்காந்திருந்தது மனோகரன் சம்சாரம் இல்லியா?"

"அந்தத் தம்பிக்கு இன்னும் கல்யாணமே ஆகலியேம்மா."

நீல வேனையே வாங்கினோம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். முதல் ஞாயிறு பூசைக்குப் போகும்போது மீன் வாடை தாங்காமல் பிரிஜெட் வழியெல்லாம் அழுதாள். அவள் அழ அழ எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம், ஒரு மத்தியானம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அகத்தா அடுப்படியில் இருந்தாள்.

முன்னறையில் பவுடர் வாசம் வந்தது.

அதோடு அந்தக் கசப்பும்.

பிரம்பு நாற்காலியில் பிரிஜெட் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நாற்காலி மெத்தைக்கும் நடுவே வெறும் காற்று. மெத்தை மட்டும் பெரிய ஆள் உட்கார்ந்தது போல அழுந்தியிருந்தது. அவள் தலை ஒரு பக்கமாக, எதன் மேலோ சாய்ந்திருந்தது.

மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள்.

யாரோ தாலாட்டுவது போல.

ஓடிப்போய் இழுத்தேன். வரவில்லை. என் பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தும் அந்தச் சின்ன உடம்பு அசையவில்லை. பிள்ளையின் கால் பனிக்கட்டியாக இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

அகத்தா வந்து நின்றாள்.

"வெளிய போகச் சொல்லு" என்றேன்.

"எப்படிங்க? நான்தானே வாங்கன்னு கூப்பிட்டேன்."

அவள் நாற்காலிக்கு முன்னால் முட்டிபோட்டாள். "அக்கா, உங்க புள்ளயப் புடுங்கினப்ப எப்படி இருந்துச்சு? எனக்கும் அப்படித்தானேக்கா" என்றாள். குரல் பாதியில் உடைந்தது.

ஆட்டம் நின்றது.

பிறகு பிடி தளர்ந்தது. பிரிஜெட் அகத்தாவின் கைகளில் விழுந்தாள். மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்தாள். அகத்தா அவளை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள்.

பிரிஜெட் திமிறினாள். அகத்தாவின் தோளைத் தள்ளிக்கொண்டு, நாற்காலியை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அம்மா" என்று அழுதாள்.

நாற்காலி மெத்தை இன்னும் அழுந்தித்தான் இருந்தது.