பயந்தின்னி

பூனைக்கு எதிரே எலி உட்கார்ந்திருந்தது. ஓடவில்லை. மைதாப் பசையை நக்க எலி வரும், எலியைப் பிடிக்கப் பட்டாசுக் கம்பெனியே பூனை வளர்க்கும். பூனைப்பீ நாறும் அதே தரையில் காகிதக் குழாய் உருட்டி, அங்கேயே தூக்குவாளி திறந்து சாப்பிட்டுப் பழகிய பாண்டிலட்சுமிக்கு, அந்த எலியைப் பார்த்ததும் உடம்பு கூசியது. பூனை கழுத்தைக் கவ்வியது. அப்போதும் அது துள்ளவில்லை.

புருஷன் சுடலையும் இங்கேதான் குழாய் உருட்டினான். பிறகு சுவரோடு பேச ஆரம்பித்தான். ஒருநாள் அடுப்புத் தீயில் கையை வைத்து வேடிக்கை பார்த்தான்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "பூனைப்பீயில இருக்கிற கிருமிம்மா. மூளைக்குள்ள வருஷக்கணக்கா சும்மா கிடக்கும். இது புகுந்த எலிக்குப் பூனையைக் கண்டா பயமே வராது. புத்தி பிசகினது அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. மாத்திரை குடுங்க. நெருப்புப் பக்கம் விட்டுறாதீங்க."

போர்மேன் அழகுராஜாவோ அவனை வெடிமருந்து கலக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்.

"அண்ணாச்சி, அவுகளுக்கு அந்த ரூம் வேண்டாம்" என்று காலையில் கெஞ்சினாள்.

"ஏம்மா, சீசன் நேரம். கலக்க நிக்கிறவன் பூராம் கை நடுங்கிச் சாகுறான். உம் புருசனுக்குத்தான் பயமே இல்ல. அது சீக்குன்னா, இன்னும் நாலு பேருக்கு வரட்டும்."

"உங்க மகனுக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஆத்திரத்திலேயே குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியான வெயிலில் அந்தச் சத்தம் கேட்டது. கர்ர்ர்.

சிமெண்டுத் தரையில் இரும்பு. உரசிப் பொறி பறக்கும் என்று கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைக்கச் சொல்லும் கம்பெனிக்குள்ளே இரும்பு.

குழாய் உருட்டிய பெண்கள் யாரும் எழவில்லை. "இரும்புச் சத்தம்ல" என்றாள் வெள்ளைத்தாய். சிரித்தாள். மறுபடி உருட்டினாள்.

பாண்டிலட்சுமி ஓடினாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. கந்தக வாடை. கர்ர்ர். கதவு திறந்திருந்தது. வெள்ளிநிறப் பொடி வெயிலில் மிதந்தது.

கலவைக் குவியலைச் சுற்றி மண்வெட்டியை இழுத்தபடி சுடலை நடந்தான். பொறி. அணைந்தது. மறுபடி பொறி.

"ஏங்க! போடுங்க அதை!"

திரும்பினான். முகம் தெளிவாக இருந்தது. "வா புள்ள. பூப் பூக்குது பாரு."

ஓட வேண்டும். அவனை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அழகுராஜா மேலிருந்த ஆத்திரம் அப்படியே இருந்தது. நெஞ்சு மட்டும் அடிப்பதை நிறுத்தி அமைதியானது. பயத்தைத் தேடிப் பார்த்தாள்.

இல்லை.

ஒரு பொறி குவியலின் ஓரத்தில் விழுந்தது. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று, பாண்டிலட்சுமி சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள்.