மிகவும் வருந்துவார்

என் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற அளவு கேக் வாங்கினேன். யாரும் வரவில்லை. மூன்று நாள் காலையிலும் மாலையிலும் அதையே தின்று முடித்தபின், வாயிலி பழுது என்று கம்பெனிக்குப் புகார் எழுதினேன். நான் வேலை பார்ப்பதும் அதே கம்பெனிதான். ஊழியர் புகாருக்கு முன்னுரிமை உண்டு.

வாயிலி என்பது கதவு. முன்பு கதவு மரத்தாலோ இரும்பாலோ ஆனதாக இருந்தது. இப்போது கொஞ்சம் அறிவாலும் ஆனது. வாசலில் யாராவது வந்து நின்றால், அவர் பெயரை நம் காதில் ஒட்டியிருக்கும் காதுப்பொட்டு மெல்லச் சொல்லும். எவ்வளவு மெல்ல என்றால், மூளைக்குக் கேட்கும், நமக்குக் கேட்காது. பெயரைக் கேட்டு நாடி துள்ளினால் கையில் கட்டிய நாடிப்பட்டை அதைக் கதவுக்குத் தெரிவிக்கும், கதவு திறக்கும். நாடி வாடினால், வீட்டில் ஆள் இல்லை என்று கதவே பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடும். வந்தது யாரென்று நமக்குத் தெரியாது. தெரியாததால் குற்ற உணர்ச்சி கிடையாது. இந்த ஏற்பாடு சட்டமாகிப் பதினோரு வருடத்தில் மனிதர்கள் வாசலில் பொய் சொல்வது அறவே ஒழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. பொய்யெல்லாம் கதவின் பொறுப்பு.

கதவு சொல்லும் அந்தப் பக்குவமான வாக்கியங்களை எழுதுவதுதான் என் வேலை. நாற்பத்தொரு வாக்கியங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் பதினேழாவது எனக்கு விருது வாங்கித் தந்தது: “மன்னிக்கவும், அவர் வீட்டில் இல்லை. நீங்கள் வந்து போனதை அறிந்தால் மிகவும் வருந்துவார்.” அந்த ‘மிகவும்’ என் சொந்தச் சேர்க்கை.

பழுது பார்க்க வந்தவர் மைமூன் என்ற தொழில்நுட்பர். தோளில் ஒரு பை, வாயில் ஏலக்காய். கதவின் ஓரத்தைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடினார்.

“பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கதவு சூப்பரா வேலை செய்யுது.”

“அப்புறம் ஏன் யாருமே வரலை?”

“யார் சொன்னா? மூணு வருஷத்துல இருநூத்திப் பன்னெண்டு தடவ ஆளுங்க வந்திருக்காங்க. பொறந்தநாள் அன்னிக்கு மட்டும் எட்டுப் பேரு.” அவர் ஏலக்காயை வலப்பக்கக் கன்னத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார். “உங்களுக்குத்தான் யாரையும் புடிக்கல போல.”

திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலைக் கேட்டால் காட்ட வேண்டும் என்பது விதி. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் மைமூன். நான் கேட்டேன். பாதிப் பேர் சந்தா கேட்டு வந்த குடியிருப்புச் சங்கத்தினர், மீதியில் பெரும்பாலோர் அலுவலக நண்பர்கள். அதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் வரவில்லை. நடுநடுவே ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இருதயராஜ், தூத்துக்குடி. பத்தொன்பது முறை.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி இருந்தது. தேதி: இரண்டாம் சனிக்கிழமை. கையில்: பொட்டலம் ஒன்று. சொல்லப்பட்ட வாக்கியம்: பதினேழு. வந்தவரின் பதில்: “சரிங்க. இருதயம் வந்துட்டுப் போனான்னு சொல்லிருங்க.”

பத்தொன்பது முறையும் அதே பதில். கதவிடம் ‘ங்க’ போட்டுப் பேசியிருக்கிறான்.

“யாரு சார் இவரு? பகையா?” என்றார் மைமூன்.

“ஹாஸ்டல் ரூம்மேட்.”

“அப்போ ஏன் நாடி இப்பிடி விழுது?” திரையில் ஒரு கோடு கிணற்றுக்குள் போட்ட கல் மாதிரி இறங்கியிருந்தது.

ஏனென்று எனக்குத் தெரியும். கல்லூரியில் கணினியில் எது எழுதினாலும் எழுதியவனைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் ‘கொசு’ என்று ஒரு கையெழுத்துச் சுவர்ப் பத்திரிகை நடத்தினோம். எழுதுவது நான். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் படியெடுப்பது இருதயராஜ். கடைசி வருடத்தில், கல்லூரி முதல்வர் நாற்காலியின் வருகைப்பதிவு நூறு சதவீதம், முதல்வருடையது பன்னிரண்டு சதவீதம் என்று ஒரு கட்டுரை எழுதினேன். கல்லூரியே சிரித்தது. முதல்வர் சிரிக்கவில்லை. கையெழுத்தை வைத்து இருதயராஜைப் பிடித்தார்கள். எழுதியது யார் என்று கேட்டதற்கு, “எழுத்து என்னோடதுதான் சார்” என்றான். ஒரு வருடம் நீக்கம். வளாக நேர்காணலுக்கு அவன் பெயரைச் சேர்க்கவில்லை. விசாரணை நடந்தபோது நான் அதே அறையில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அதே கட்டுரையை மாதிரி எழுத்தாகக் கொடுத்துத்தான் இந்த வேலையை வாங்கினேன். இது ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. இதில் இன்றுவரை யாருக்கும் சிரிப்பு வராது என்பதால் எங்கும் எழுதியதில்லை.

“இது வெறுப்பு இல்ல,” என்றேன்.

“கதவுக்கு அதெல்லாம் தெரியாது சார். வெறுப்புன்னாலும் விழும், வெட்கம்னாலும் விழும். ரெண்டும் ஒரே கோடுதான்.”

“கதவைப் பேசாமல் பண்ண முடியுமா?”

“முடியாது. சட்டம்.” சற்று யோசித்தார். “ஒரு மணி வெச்சுக்கங்க. கதவு அது பாட்டுக்குப் பேசும். மணி அடிச்சா உங்களுக்குக் கேக்கும்.”

எங்கள் கட்டடத்தில் எங்கும் ஒயர் கிடையாது. மின்சாரம் காற்றுமின்னாக வருகிறது. பதிவு செய்த கருவிகள்தான் அதைக் குடிக்கலாம். அழைப்பு மணி என்ற கருவி பதிவேட்டிலேயே இல்லை. மைமூன் பையைத் துழாவி ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்தார். அழுத்துமணி. ஒயர் வேண்டாம், பொத்தானுக்கு பேட்டரியும் வேண்டாம். விரல் அழுத்துகிற விசையிலேயே துளி மின்சாரம் பிறந்து, உள்ளே இருக்கும் பெட்டிக்குச் சேதி போகும். பெட்டிக்கு மட்டும் இரண்டு பேட்டரி.

“கதவு மேல ஒட்டக் கூடாது, இரும்பு. சிக்னல் செத்துடும். பக்கத்துச் சுவத்துல, நெஞ்சு உயரத்துக்கு.” ஆணி அடிக்கச் சங்கம் விடாது என்பதால் இருபக்க நாடாவால் ஒட்டினார். பெட்டியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போய் அழுத்தினார். டிங் டாங். எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு மனிதர் என்னைத் தேடி எழுப்பிய ஓசையைக் கேட்டுப் பதினோரு வருடத்தில் முதன்முதலாகத் துள்ளி விழுந்தேன்.

“கையெழுத்துப் போடுங்க,” என்று ஒரு படிவம் நீட்டினார். ‘நான் பார்க்க விரும்பாதவர்களும் என்னைக் கூப்பிடலாம் எனச் சம்மதிக்கிறேன்.’

இருதயராஜின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருக்கலாம். நாலு முறை எடுத்து நாலு முறை வைத்தேன். இரண்டாம் சனிக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. காலை பதினொன்றுக்கு மணி அடித்தது.

கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். வெளியே கதவு என் வாக்கியத்தைச் சொன்னது: “மன்னிக்கவும், அவர் வீட்டில் இல்லை. நீங்கள் வந்து போனதை அறிந்தால் மிகவும் வருந்துவார்.” கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டபோது அந்த ‘மிகவும்’ என் காதையே கூசவைத்தது.

“சரிங்க,” என்றது அவன் குரல். “இருதயம் வந்துட்டுப் போனான்னு சொல்லிருங்க.”

காலடி ஓசை இரண்டு எட்டு போயிற்று. நின்றது. திரும்பி வந்தது. மணி மறுபடி அடித்தது.

“ஏல செந்தூரா. இது புதுசா இருக்கேன்னுதான் அமுக்கிப் பாத்தேன். உள்ள கேக்குதால?”

என் கை கைப்பிடி வரை போய் நின்றது.

“நீ உள்ளதான் இருக்கன்னு தெரியும்ல. செருப்பு வெளிய கெடக்கு. ஒவ்வொரு தடவையும் கெடந்துச்சு.”

நாற்பத்தொரு வாக்கியம் எழுதினோம். நாடி, காதுப்பொட்டு, குரலின் குழைவு எல்லாவற்றையும் யோசித்தோம். செருப்பை வாசலில் கழற்றிப் போடும் ஊரில், கம்பெனியில் ஒருவருக்கும் செருப்பு நினைவுக்கு வரவில்லை. பத்தொன்பது முறை அவன் என் செருப்பைப் பார்த்தபடியே, நான் வீட்டில் இல்லை என்பதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

கதவைக் கையால் திறந்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கால்களைப் பார்த்தேன். தன் செருப்பைக் கழற்றி என்னுடையதன் பக்கத்தில் நேராக வைத்தான்.

“தலைய நிமுத்துல. கழுத்து வலிக்கப்போவுது.”

“இருதயம், அன்னிக்கு...” என்று தொடங்கினேன். என் நாடி கிணற்றில் விழுந்தது. கதவு அதைக் கண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் திறந்து நின்றபடியே சொன்னது: “மன்னிக்கவும், அவர் வீட்டில் இல்லை.”

இருதயராஜ் கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கதவிடமே, “அதனால என்ன? அவன் வார வரைக்கும் உள்ள இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். கையோடு கொண்டுவந்த தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தான். “நயம் முந்திரி. போன தடவ கொண்டாந்தத லிஃப்ட்டுல வந்த ஒரு பாப்பாட்ட குடுத்துட்டேன்,” என்றான் பொதுவாக, வீட்டைப் பார்த்து. காதோரம் நரை வந்திருந்தது. அவசரமில்லாமல் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

நான் வாசலிலேயே நின்றேன். பிறகு வெளியே போனேன். கதவு திறந்தே கிடந்தது. இரண்டு ஜோடிச் செருப்புக்கும் நடுவில் வெறுங்காலோடு நின்று, நெஞ்சு உயரத்தில் இருந்த பொத்தானை அழுத்தினேன். நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. அந்த விசையில்தான் மணி அடிக்கும் என்று மைமூன் சொன்னது ஞாபகம் வந்தது.

டிங் டாங்.

“யாருல அது?” என்றான் உள்ளே இருந்து.

ஒன்பது வருடத்துக்கு முன், மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியது.

“கட்டுரைய எழுதினவன்,” என்றேன்.

மெல்லும் சத்தம் நின்றது. கதவு இம்முறை ஒன்றும் பேசவில்லை.

“இவ்வளவு நேரம் எங்கல போயிருந்த?” என்றான்.