நிறம் மாறிய ஊதாத் தூள்

காலை 8:10. விஸ்துலா ஆற்றுப் பனி கிராகோவ் ஆய்வகத்தின் ஜன்னலை மூடியிருந்தது. உள்ளே விளக்கு போட்டும் எல்லாமே கனவில் பார்ப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன. நேற்று மாலை இளம் ஆய்வாளர் கலினா மேசைமேல் வைத்த குப்பி இன்று ஈரம் உறிஞ்சும் கண்ணாடி ஜாடிக்குள் திறந்து கிடந்தது. ஊதா நிறத் தூள் வெளிறிய மஞ்சளாகியிருந்தது. நேற்று ஓடிவந்து காந்தத்தில் ஒட்டிய தூள் இப்போது அசையவே இல்லை.

உலோகமும் கரிமமும் பின்னிய, துளை நிறைந்த படிகம் அது. பத்தாயிரம் படிகங்களின் அமைப்பு விவரங்களைக் கணினிக்குக் கற்பித்து, காந்தமாகும் என்று அது காட்டிய ஒன்றைக் கலினா செய்திருந்தாள். பதினொரு மணிக்கு அதைப் பார்த்து மதிப்பிட ஒரு குழு வருவதாக இருந்தது.

பேராசிரியர் லெஷ்னியாக் சுத்தத்துக்குப் பெயர்போன மனிதர். நேற்று காட்டியது சாயம் பூசிய வேறு இரும்புத்தூள், பித்தலாட்டம், குழுவிடம் அப்படியே சொல்லிவிடுவேன், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது இன்னும் மங்கியது. கலினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

8:40. கண்ணாடிப் பட்டறை யாட்விகா வந்தாள். ஆய்வகத்தின் குப்பி, ஜாடியெல்லாம் அவள் ஊதியவை. தூளை அவள் பார்க்கவே இல்லை. ஜாடியின் விளிம்பைத்தான் விரலால் தடவிப் பார்த்தாள். காற்றுப் புகாமலிருக்கப் புதிதாகத் தடவிய பிசுக்குப் பசை. வழிந்ததை யாரோ அழகாகத் துடைத்திருந்தார்கள்.

"யாராவது தூளைத் தொட்டீங்களா?"

"தொடல," என்றார் பேராசிரியர்.

"கண்ணு, கணினிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி படிக விவரத்துல துளைக்குள்ள இருக்கற தண்ணிய அழிக்கணும்னு இவரு சட்டம் வெச்சிருக்காரே. நீ அழிச்சியா?"

கலினா தலைகுனிந்தாள். "நேரமில்ல. அப்படியே குடுத்துட்டேன். திட்டுவாருன்னு சொல்லல."

யாட்விகா ஜாடிக்குள்ளிருந்து குப்பியை எடுத்து வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதினாள். முப்பது வருடம் கண்ணாடி ஊதிய மூச்சு. ஓரத்திலிருந்து ஊதா நிறம் மெதுவாகப் பரவியது. கலினா காந்தத்தை நீட்டினாள். தூள் எழுந்து வந்தது.

"தண்ணி இருந்தாத்தான் இது காந்தம். தண்ணியோட படிச்சதாலதான் கணினி கண்டுபிடிச்சுது. காய வெச்சது நீங்கதான், புரொஃபசர். ஜாடிப் பசை உங்க கைக்குட்டையில இருக்கு, கைக்குட்டையிலேர்ந்து உங்க மூக்குக்கண்ணாடிக்கு வந்திருக்கு."

"ஒழுங்கா எடுத்து வெச்சேன்," என்றார் அவர். "அதைப் போய் யாராவது தொட்டதுன்னு சொல்லுவாங்களா?"

அவர் ஊதாத் தூளையே வெகுநேரம் பார்த்தார். கோபமெல்லாம் வடிந்து, முகத்தில் ஒரு திகைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

"குழுகிட்ட நானே சொல்றேன், கலினா. இத்தனை வருஷமா எல்லாப் படிகத்துலேர்ந்தும் தண்ணியத் துடைச்சுக்கிட்டே இருந்தது நான்தான்னு."

மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர், மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.