நாலாவது பிளக்

ஒர்க்‌ஷாப்பில் காரை வேலைக்கு விட்டவள் என்றால் போய்விட்டுப் பிறகு வர வேண்டாமா? அவளோ மழையைச் சாக்கு வைத்து, மெக்கானிக்கான அவன் எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஈரக் கூந்தலை வேறு உதறினாள்...

"ஸ்பார்க் பிளக் மாத்த ரொம்ப நேரம் ஆகுமா?"

"இல்லைங்க... உக்காருங்க."

ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவளிடம் இப்படிச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வாள்?

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு 'நிதானம்' என்று பெயர். புதுப் பிளக்கை விரலால் சுற்றி ஏற்றிய பிறகுதான் ஸ்பானரையே தொடுவான். இன்ஜின் தலை அலுமினியம். பிளக் கோணலாக ஏறினால் மரை சிதைந்துவிடும். மூன்று பிளக் ஒழுங்காக ஏறின. நாலாவதை எடுத்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாடி... என்ன கண்கள்! இமையில் ஒரு மழைத்துளி. விழுமா, விழாதா என்று இவன் பார்த்துக்கொண்டிருக்க, கை அதுபாட்டுக்கு ஸ்பானரைப் போட்டு ஒரே திருகு!

கிர்ர்ர்...

பிளக்கை வெளியே எடுத்தால், அதைச் சுற்றி அலுமினியத் துணுக்குகள்.

முதலாளியான தாய்மாமன் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார். "மரை கழண்டது இன்ஜினுக்காடா, உனக்காடா?" என்று காதோடு சீறினார். "வாயைத் திறக்காதே. நான் பாத்துக்கறேன்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "மரை ஏற்கெனவே போயிருக்கும்மா. யாரோ கை வெச்சிருக்காங்க" என்றார்.

அவள் முகம் சிவந்தது. "என் அண்ணன்தான்! போன வாரம் கழட்டித் துடைக்கிறேன்னு நின்னான். இருக்கு அவனுக்கு..."

போனைக் காதில் வைத்துவிட்டாள்.

ஒரு பாவமும் அறியாத அண்ணன் திட்டு வாங்குவதா? நிதானத்துக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணனைத் திட்டாதீங்க. மாமா சும்மா சொல்றாரு. நான்தான் கெடுத்தேன். இப்போதான்... உங்க முன்னாடியேதான்."

மாமா முறைத்த முறைப்பில் மழையே நின்றிருக்கும். "நீயாச்சு, உன் கஸ்டமராச்சு!" என்று உள்ளே போய்விட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே... சும்மாதான் கூப்பிட்டேன்" என்று போனை வைத்தவள் இடுப்பில் கை வைத்தாள். "மாமாவும் மருமகனும் சேர்ந்து என் தலையில மிளகாய் அரைக்கப் பாத்தீங்களா?"

"அவர் பாத்தாரு... நான் விடலையே!"

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள். "இன்ஜின் போச்சா?"

"போகுமா? கொஞ்சம் பெருசா புது மரை வெட்டி, உள்ளே மரை போட்ட எஃகு வளையம் ஒண்ணு இறக்கிட்டா கெட்டியா நிக்கும். நான் பண்ணித் தர்றேன்."

மரை வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பினான்.

"அது எதுக்கு?"

"துணுக்கு உள்ளே விழாம இதுல ஒட்டிக்கும்."

அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால்... எடுத்தான், துடைத்தான், மறுபடி கிரீஸ். கேட்காமலே அவள் டார்ச்சைப் பிடித்தாள். உள்ளே ஒரு துணுக்குகூட இல்லை என்று பார்த்த பிறகே பசை தடவி வளையத்தை இறக்கினான். பசை காயும்வரை இருவரும் மழையையே பார்த்தார்கள்... பார்ப்பதுபோல் நடித்தார்கள்.

கடைசியில் பிளக்கை ஒரு ரப்பர் குழாயில் செருகி அவளிடமே நீட்டினான்.

"ஐயோ, நானா? விளையாடுறீங்களா?"

"முதல்ல பின்பக்கமா திருப்புங்க. 'டிக்'குனு உக்காரும். அப்புறம் முன்னாடி. முரண்டு பிடிச்சா விட்டுடுங்க."

முரண்டே பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது. இன்ஜினும் ஒரே சீராக ஓடியது.

"இவ்ளோ தெரிஞ்ச ஆளு, முன்னாடி மட்டும் ஏன் அப்படித் திருகுனீங்க? நான் மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்குறவ... கண்ணுல கோளாறுன்னா சொல்லுங்க."

கை வழுக்கிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஒருமுறை உண்மை சொன்ன வாய்க்கு அடுத்தது எளிதாகத்தான் இருந்தது.

"கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது. உங்களையே பாத்துட்டு இருந்தேன்... அதான் மரை போச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

உள்ளே மாமாவின் கையிலிருந்து ஏதோ தொப்பென்று விழுந்தது.

அவள் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். காது மடல்வரை சிவந்திருந்தாள்.

"நாளைக்கு எங்க கடைக்கு வாங்க, கண்ணை டெஸ்ட் பண்ணணும். நீங்க மட்டும் பாத்தா போதுமா...? நானும் பாக்க வேணாமா?"