இரண்டாவது தட்டு

செங்குடியில் வியாழக்கிழமை காலை என்றாலே வீட்டுக்கு வீடு பொருள் சரிபார்ப்பு. செவ்வாய்க் கிரகத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அதை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் மின்சாரத்துக்குத்தான் பஞ்சம். ஆகவே ஒருவரிடம் ஒரே மாதிரி இரண்டு பொருள் இருந்தால் ஒன்று உலைக்குப் போகும், காற்றுக்குழாயாகத் திரும்பி வரும். எது இரட்டை என்று பார்க்கும் ‘இணைநோக்கி’ நிரலை எழுதிய பாவி நான்தான்.

அன்று பட்டியலில் சிவப்பாக நின்றது ஒரே பதிவு: பாசிப்பண்ணை இசக்கியம்மாள், எவர்சில்வர் தட்டு, இரண்டு. நான் போனபோது இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“தரமாட்டேன் அண்ணாச்சி. ஒண்ணு அவியளுக்கு. கப்பல்ல வந்துக்கிட்டு இருக்காவல்லா?”

அவள் கணவர் வரும் கப்பலிலிருந்து நாற்பது நாளாகச் சமிக்ஞையே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

“நான் என்னம்மா செய்ய? உலோகம், எடை, வடிவம், உடைமையாளர், நாலும் ஒத்துப்போனா நிரல் இரட்டைன்னுதான் சொல்லும்.”

“அடியில நம்பர் வேற வேறயா அடிச்சிருக்குல்லா?”

“நம்பரையும் சேர்த்துப் பாத்தா எதுவும் எதோடயும் ஒத்துப்போகாது. உலை காலியாக் கிடக்கும். பொறவு மூச்சு விட எங்க போவ?”

“அப்ப யாருக்குன்னு ஒரு கேள்வியே அதுல கிடையாதா? நல்லா எழுதுனிய போங்க!” என்றவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. “இதை உருக்கிட்டா, அவிய வரமாட்டாவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

எனக்குச் சுரீரென்றது. பூமியில் படிக்கும் என் மகள் வருவாளோ மாட்டாளோ என்று, அவளுக்காக வைத்திருந்த டம்ளரைப் போன வருஷம் நானே உலையில் போட்டவன்.

அவள் வாசலிலேயே உட்கார்ந்து நிரலில் ‘யாருக்கு’ என்று ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தேன். ஒரு தட்டுக்கு இசக்கியம்மாள், மற்றதற்கு அவள் கணவர் சுடலைமுத்து. நிரலை ஓட்டினேன், சிவப்பு மறைந்தது.

“ஆளாளுக்கு ஒரு பேரை எழுதிக்குவான், உலைக்கு உம்மையா போட?” என்று ஆட்சிக்குழுத் தலைவர் எகிறினார். அடுத்த வியாழன் பார்த்தால் உலை வாசலில் கூட்டம்! ‘யாருக்கு’ என்ற இடத்தில் எந்தப் பெயரும் எழுதத் தோன்றாத பொருள்களை, இரட்டையே இல்லாதவற்றைக்கூட, ஜனங்கள் தாங்களாகவே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தலைவர் கையில் ஒரு பரிசுக் கோப்பை இருந்தது.

சமிக்ஞை நின்ற ஐம்பத்தோராம் நாள் கப்பல் பேசியது. இசக்கியம்மாள் பண்ணையிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

அவள் போன பிறகு பொருள் கிடங்குக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். எவர்சில்வர் டம்ளர், ஒன்று. ஏற்கெனவே உள்ளதா? ஆம். யாருக்கு? மகள் தேன்மொழிக்கு.