வாய்க்காலில் ஊற்றிய மருந்து

சாரங்காவிடம் ஒரு குணம் உண்டு. சொன்ன வேலையைச் செய்யமாட்டாள். சொல்லாத வேலையென்றால் ஓடிப்போய்ச் செய்வாள்.

அன்று அப்பா வயலுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, முதுகிலிருந்த மருந்துத் தாங்கியை இறக்கி வரம்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். கழுவி வைத்தால் அப்பா சந்தோசப்படுவாரே என்று சாரங்கா நினைத்தாள். மிச்ச மருந்தை வாய்க்காலில் கவிழ்த்தாள். தாங்கியையும் இரண்டு தரம் அலசினாள். தண்ணீர் பால்போல வெள்ளையாக ஓடியது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

இரணைமடுக் குளத்திலிருந்து வரும் அந்த வாய்க்கால், அவர்கள் வயலைத் தாண்டித் தோழி தேனுகாவின் வீட்டுப் பின்பக்கமாகப் போகிறது.

மறுநாள் தேனுகா பள்ளிக்கூடம் வரவில்லை. பின்னேரம் சாரங்கா அவளைத் தேடிப் போனாள். தேனுகாவின் ஐந்து வாத்துகளில் மூன்று செத்துக் கிடந்தன. வாய்க்கால் ஓரமெல்லாம் குட்டி மீன்கள் செத்து மிதந்தன.

"என்னடி நடந்தது?"

"தெரியேல்லயடி. நேற்று நீந்திப்போட்டு வந்ததுகள். ஏதோ நோய் வருத்தமாம் எண்டு அம்மா சொல்லுறா." தேனுகா மூக்கை உறிஞ்சினாள். "மிச்சம் ரெண்டும் கூட்டுக்க கிடந்து கத்துதுகள். பாவம், கொஞ்சம் நீந்தட்டும்."

அவள் கூட்டுக் கதவில் கை வைத்தாள்.

பால்போல ஓடிய தண்ணீர் சாரங்காவுக்கு நினைவு வந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால், வெளியே வந்ததும் வாத்துகள் அந்த மீன்களைத்தான் தின்னும்.

"திறக்காதை தேனு! வருத்தம் இல்லை. நான்தான்... அப்பான்ர மருந்துத் தாங்கியை வாய்க்காலுக்க ஊத்திக் கழுவினனான்."

தேனுகா கூட்டுக் கதவிலிருந்து கையை எடுத்தாள். வீட்டுக்குள்ளே போய்விட்டாள். அவள் நாலு பேச்சுப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சாரங்காவுக்கு இருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அப்பாவிடமும் சொன்னாள். அவர் முதலில் அவளுடைய கைகளைப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவினியோ?"

"ஓம் அப்பா."

"நானும் அங்கதான் பிள்ளை கழுவிறனான்," என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். "இனிக் கழுவமாட்டன்."

அடுத்த நாள் விடிந்ததும் சாரங்கா கிணற்றுத் தண்ணீரைச் சுமந்துபோய், தேனுகா வீட்டு முற்றத்தில் இருந்த பெரிய பிளாஸ்டிக் பேசினில் ஊற்றினாள். இரண்டு வாத்துகளும் இறங்கின. இன்னும் மூன்றுக்கு இடம் இருந்தது.

தேனுகா வந்து பக்கத்தில் குந்தினாள். சாரங்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தண்ணி காணாது," என்றாள். "இன்னும் ரெண்டு வாளி கொண்டு வா."

சாரங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.