மூன்றாவது ஜோதாம்

டாமரிஸ் மகனை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். பதில் இரண்டு வந்தது.

முதல் பதில் மச்சிலிருந்து வந்தது. "இதோ வந்துட்டேன்ம்மா" என்று, அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தை சொல்வதுபோல மெத்தென்று. சோளக்கூழ்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தவள் ஏணியை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் இறங்கவில்லை. அதற்குள் பின்கதவை உதைத்துத் திறந்துகொண்டு, மூக்கு ஒழுக, கை நிறைய விறகோடு ஜோதாம் உள்ளே வந்தான். "கத்தாதம்மா. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றான். ஆறு வயசுக்கு அவனுக்கு வாய் அதிகம்.

"மச்சுல யாருடா?"

"எனக்கென்ன தெரியும்? எலியா இருக்கும்."

எலி அம்மா என்று கூப்பிடுமா? அவள் கேட்கவில்லை. அவன் சாப்பிட்டு எழுந்ததும் ஏணியில் ஏறிப் பார்த்தாள். விதைச் சோளக் கதிர்கள் உத்தரத்தில் கட்டித் தொங்கின, மூலையில் அவள் கணவர் கேப்டனுடைய பழைய சேணம் கிடந்தது, பலகை இடுக்கு வழியாக வந்த காற்றில் காய்ந்த தோகைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, அந்தச் சரசரப்புக்கு அடியில், சோளப் புழுதிக்கும் மக்கிய தோலுக்கும் நடுவிலிருந்து, வினிகரில் மூலிகை போட்டுக் கொதிக்கவைத்த வாடை மெல்ல எழுந்து அவள் மூக்கில் ஏறியது. அந்த வாடையை அவள் மறக்கவில்லை. மூத்தவன் தொண்டை அடைத்துக் கிடந்தபோது அதைத்தான் அவன் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் போய் வருஷக்கணக்காகிறது.

அவன் பெயரும் ஜோதாம்தான்.

தர்லோ குடும்பத்தில் வாரிசு என்றால் அந்த ஒரு பெயர்தான். கேப்டனுடைய தாத்தா ஊர்ப்படையை நடத்திப்போய்ச் சண்டை போட்டதற்காக அந்த ஆற்றோரப் புல்வெளியும் மேட்டுக் காடும் அவருக்குக் கிடைத்தன. யாரிடமிருந்து பிடுங்கிய நிலம் என்று அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அந்த முதல் ஜோதாம் சாகும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துவிட்டுப் போனார். நிலம் துண்டாகக் கூடாது, ஜோதாம் என்ற பெயர் உள்ளவனுக்குத்தான் போகவேண்டும். அப்படியே மகனும் பேரனும் ஜோதாம், இருவரும் ஊர்ப்படைக்குக் கேப்டன். பெயர் உள்ள பிள்ளை செத்துப்போனால் அடுத்துப் பிறப்பவனுக்கு அதே பெயர். இதில் தர்லோக்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்த ஆற்றங்கரை நெடுக எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அண்ணன் போட்டுக் கழித்த சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிடுவதில்லையா, பெயரையும் அப்படித்தான் மாட்டினார்கள்.

டாமரிஸின் இரண்டாவது ஜோதாம் ஆலைக்குளத்தில் பனிக்கட்டி உடைந்து உள்ளே மூழ்கிப்போனான். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது அவள் கணவனிடம் கெஞ்சிப் பார்த்தாள். "இதுக்காவது என் அப்பா பேர வைக்கலாங்க."

"பேரு இல்லாதவனுக்கு நிலம் இல்ல, டாமரிஸ்."

"சரி, வீட்டுக்குள்ள கூப்பிட ஒரு செல்லப் பேராவது?"

"படை வரிசையில செல்லப் பேரு சொல்லியா கூப்பிடுவாங்க?" என்று முடித்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. அவருடைய கை மட்டும் வெயில் காலத்திலும் சில்லென்றே இருக்கும். "உங்க உள்ளங்கையில வெண்ணெய வெச்சா உருகாதுங்க" என்று கல்யாணமான புதிதில் அவள் கேலி செய்தாள். அவர் சிரிக்கவில்லை. பிறகு அவளும் கேலி செய்வதை விட்டுவிட்டாள். இப்படியாக, பெற்ற பிள்ளையைக் கூப்பிட அவளுக்கென்று ஒரு சொல் இல்லாமலே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

இலை உதிரும் காலத்தில் கேப்டன் தன் ஆட்களோடு வடக்குக் கோட்டைக்குப் போனார். பண்ணை ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பெரிய வீட்டில் பேச்சென்று ஒன்று இல்லை. பசுவிடம் பேசினாள். சட்டியிடம் பேசினாள். ஓய்வுநாளில் கோயிலுக்குப் போனால் நாலு முகம் பார்க்கலாம், முதல் பனி விழுந்ததும் அந்தப் பாதையும் அடைந்துபோனது. தனிமை அவளைத் தின்றது. அதனால்தான் காது இல்லாததையெல்லாம் கேட்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் காது விடவில்லை. அவள் கூப்பிடும்போதெல்லாம் அந்த இன்னொரு பதில் வந்தது. மச்சிலிருந்து ஒரு தடவை. இன்னொரு தடவை கிணற்றுப் பக்கமிருந்து, வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவதுபோல. அவள் பெயர் சொல்வதையே நிறுத்திவிட்டாள். மகனைத் தேடிப் போய்த் தோளைத் தொட்டாள். "என்னம்மா, பூனை மாதிரி வர்ற?" என்று அவன் எரிந்து விழுந்தான்.

ஒரு நாள் மதியம் கேப்டனுடைய அக்கா கெசியா குதிரையில் வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், நாக்கில் எப்போதும் முள் இருக்கும். வந்ததும் வராததுமாக, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள். டாமரிஸுக்கு அதைக் கேட்டே அழுகை முட்டியது. இன்னொரு பெண்ணின் குரல் கேட்டு எத்தனை நாளாகிறது. பையன் முயலுக்கு வைத்த கண்ணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கல்வேலிப் பக்கம் ஓடினான். டாமரிஸ் ஆப்பிள் மதுவைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அண்ணி, உங்க தம்பிக்கு முன்னாடி பொறந்து செத்த ஜோதாம் எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. ஏன்?"

"மேட்டுக் கல்லறையில உங்க அம்மா காலத்து வரிசையில சின்னக் குழி மூணு இருக்கே."

கெசியா கோப்பையைக் கீழே வைத்தாள். "அதப் போய் எண்ணிக்கிட்டிருந்தியா? வேற வேலை இல்ல உனக்கு?" ஒரு கட்டையை நெருப்புக்குள் தள்ளினாள். பிறகு அவள் சொன்னபோது குரலில் முள் இல்லை.

"தம்பிக்கு அப்போ இவன் வயசு. பனியில வழி தவறிட்டான். அம்மா வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. வந்தான். தூக்கி உள்ள விட்டுட்டுக் கதவச் சாத்தினோம். கொஞ்ச நேரத்துல வெளிய தட்டுற சத்தம். அம்மா, அம்மான்னு ஒரு குரல். அடுப்புகிட்ட உக்காந்திருந்தவன், திறக்காதம்மா, குளிருதுன்னான். அம்மா திறக்கல."

"வெளிய இருந்தது யாரு அண்ணி?"

"பனி உருகினதும் அப்பா வாசல்படிகிட்டேயிருந்து எதையோ கோணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு. யாருப்பான்னு கேட்டேன். கன்னத்துல ஒண்ணு விட்டாரு. அதுக்கப்புறம் அம்மா அவன வெளிய நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அவனும் அப்புறம் அழுததே இல்ல. அவ்வளவு நல்ல பிள்ளையாயிட்டான்." எழுந்து போர்வையைச் சுற்றிக்கொண்டாள். "மேகம் இருட்டிக்கிட்டு வருது. நான் கிளம்புறேன். நீயும் கண்டதையும் கிளறாத."

டாமரிஸ் தன் படுக்கையை நினைத்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தது யார்?

குதிரையின் காலடிச் சத்தம் அடங்கும் முன்பே பனி கொட்ட ஆரம்பித்தது. சத்தமே இல்லாத பனி, முதலில் கல்வேலியை அழித்தது, பிறகு ஆப்பிள் மரங்களை ஒவ்வொன்றாக அழித்தது, பிறகு கிணற்றடியை, தொழுவத்தை, விறகுக் குவியலை, கடைசியில் கதவுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மட்டும் அசைந்துகொண்டு நின்றது. அந்தி நேரம்தான், ஆனாலும் உள்ளங்கையை நீட்டினால் தெரியவில்லை. பையன் வரவில்லை.

விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் வீட்டைக் காணோம். தன் காலடித் தடத்தைத் தடவித் தடவித்தான் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அவளும் தொலைந்தால் அவனுக்கு யார்? நின்ற இடத்திலிருந்துதான் அவனை வரவழைக்க வேண்டும். சட்டியைக் கரண்டியால் அடித்தாள். எழுந்த காற்று அந்தச் சத்தத்தை வாசலிலேயே விழுங்கியது. "டேய்! மகனே! தம்பீ!" என்று கத்தினாள். எதுவும் வரவில்லை. அவன் அந்தச் சொற்களுக்குத் திரும்பிப் பழகியவன் இல்லையே!

நேரமாக ஆக, அவன் விரல்கள் விறைத்துக்கொண்டிருக்கும். கல்வேலியோரம் சுருண்டு உட்கார்ந்துவிட்டால் தூக்கம் வரும். தூங்கினால் முடிந்தது. எதிர்த்துப் பேசும் அந்த வாய் அவளுக்கு வேண்டும். ஒழுகும் அந்த மூக்கு வேண்டும். இருந்தது ஒரே வழி.

"ஜோதாம்!"

காற்று நின்றது.

"ஜோதாம்! அம்மா இங்க இருக்கேன்! ஜோதாம்!"

வந்தான். பனிச்சுவரிலிருந்து சின்ன உருவம் ஒன்று பிரிந்து, தள்ளாடி, அவள் மேல் விழுந்தது. அவள் ஓவென்று அழுதுவிட்டாள். தூக்கி அடுப்பருகே உட்காரவைத்துக் காலணியைக் கழற்றினாள். கால் கல்லாக இருந்தது. தேய்த்தாள். முத்தமிட்டாள்.

"வலிக்குதாடா?"

"இல்லம்மா."

"கண்ணியில முயல் மாட்டுச்சா?"

"தெரியலம்மா."

எவ்வளவு அடக்கமான பதில். அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். அவனுடைய மூக்கைப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

"கதவச் சாத்தும்மா" என்றான் அவன், அன்பாக.

அவள் கதவுப் பக்கம் பின்னோக்கியே நடந்தாள், அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல். கதவு இன்னும் திறந்தே கிடந்தது. வெளியே இருட்டிவிட்டது. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "அம்மா..."

அவளுடைய பிள்ளையின் குரல். அதேதான்.

கிணற்றுப் பக்கமிருந்து இன்னொன்று. "அம்மா..."

அதுவும் அவனேதான். ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

மாமியார் செய்ததை அவள் செய்யமாட்டாள். சாத்தமாட்டாள். எதுவானாலும் சரி, எத்தனை வந்தாலும் சரி, எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடலாம். அதில் ஒன்று அவளுடையதாக இருக்கும். வாசல்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். காற்று ஒரு வீச்சு வீசியது. விளக்கு அணைந்தது.

வலது கையை ஒரு சின்னக் கை பிடித்தது.

இடது கையை ஒரு சின்னக் கை பிடித்தது.

பின்னாலிருந்து, வெறுங்கால் சத்தம். மூன்றாவது கை அவள் பாவாடையைப் பற்றியது.

"வாங்கடா உள்ள" என்று இழுத்தாள். அசையவில்லை. வலது கை வெளியே இழுத்தது. இடது கை வெளியே இழுத்தது. பின்னாலிருந்தது உள்ளே இழுத்தது. சின்னக் கைகள். இவ்வளவு பலம் எங்கிருந்து? அவள் வாசற்படியில் ஆணி அடித்தாற்போல நின்றாள். முன்னேயும் போக முடியவில்லை. பின்னேயும் வர முடியவில்லை.

"எது நீ? சொல்லுடா. என் தங்கம், எது நீ?"

"நான்தான்ம்மா." மூன்றும்.

விரலால் தடவினாள். நகம், மணிக்கட்டு, முட்டி. சூடு தேடினாள். மூன்றும் ஒரே குளிர்.

உதறினால் ஒன்று போகும். எதை உதறுவது? அவள் எதையும் விடவில்லை. உள்ளே கட்டை சரிந்து நெருப்பு தணிந்தது. பனி அவள் தலையில் படிந்தது. இமையில் படிந்தது.

வெகுநேரம் கழித்து, இடது கையில் இருந்த விரல்கள் மட்டும் களைத்துத் தளர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக. மெதுவாக.

எது தன் பிள்ளை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

மற்ற இரண்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.